கடற்கரை முதல் தாம்பரம் வரை

தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறையினருக்கும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி குரோம்பேட்டையில் குடியிருந்து, சீசன் சீட்டோடு மின்சார ரயிலில் நகரத்துக்குள் போய்வந்தேன். அந்த ரயிலின் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக மனத்துக்குள் போட்டு வைத்திருந்த ஒரு திட்டத்தை உங்கள் முன் வைக்கவே இம்மடல்.

இந்தியாவின் குடியரசுத் தலைவர்களாக இருந்து மறைந்தவர்களில் ஐவருடைய வாழ்க்கை சென்னையோடு பின்னிக் கிடக்கிறது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வி.வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி, ஆர். வெங்கட்ராமன், ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ஆகிய ஐவருமே சென்னையில் பிறந்தவர்கள் அல்லர். படிக்கவோ, வாதாடவோ, சட்டமன்றத்தில் உட்காரவோ, பாடம் நடத்தவோ இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். இவர்கள் நடமாடிய இடங்களை இணைத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியின் துணையோடு ஒரு நகர்ச் சுற்றுலாவை நீங்கள் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதைக் குளிரூட்டிய பேருந்தில் நடத்தாமல் ரயிலில் நடத்த வேண்டும் என்பது அதன் இரண்டாம் பகுதி. குடியரசுத் தலைவர்களுக்கும் மின்சார ரயிலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். இந்த மடலில் பாதி அதற்கான விடைதான்.

அதற்கு முன், இந்த எண்ணம் வேண்டுகோளாக மாறிய நாளைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் நாளையொட்டி, எங்கள் பள்ளி மாணவர்களை ஒரு தனியார் ஏற்பாட்டாளரின் பேருந்துச் சுற்றுலாவில் அழைத்துச் சென்றோம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகத்துக்குள் பேருந்து நின்றது. கூட வந்த வழிகாட்டி ஓர் ஆலமரத்தைக் கையால் காட்டி, “இந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் ராதாகிருஷ்ணன் படித்தார்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். பிள்ளைகள் ஓடிப்போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு மாணவி கீழே கிடந்த இலையொன்றை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ராதாகிருஷ்ணன் அந்த வளாகத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. அவர் முதுகலைத் தேர்வுக்காக எழுதிய ஆய்வுரை அச்சேறியது 1908இல். கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937இல். அவர் படித்த காலத்தில் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் இருந்தது. எங்கள் பேருந்து அன்று காலை அந்தச் சாலை வழியாகத்தான் வந்தது. வழிகாட்டி அங்கே வாய் திறக்கவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் யாரோ கொடுத்த ஒரு தாள் இருந்தது, அதில் இருந்ததைச் சொன்னார். இலையை எடுத்து வைத்த பிள்ளையிடம் மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். சொன்னேன். அவள் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர் நீளும் புறநகர்த் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மேலே சொன்ன ஐவருடைய சுவடுகளும் இந்த ஒரே தடத்தின் நிலையங்களை ஒட்டி இருக்கின்றன என்பதை நான் வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. தினமும் போய்வந்ததில் தானாகப் பிடிபட்டது.

கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கால் படும் சாலை ராஜாஜி சாலை. இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜியின் பதவி 1950 ஜனவரி 26ஆம் நாள் முடிந்தபோதுதான் குடியரசுத் தலைவர் என்ற பதவியே பிறந்தது. எனவே சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. அங்கிருந்து பாரிமுனை வழியாகப் பொடிநடையாக நடந்தால், நான் சொன்ன சாலை வந்துவிடும்.

இந்தச் சாலையில் கொஞ்ச நேரம் நிற்கும்படி உங்கள் வழிகாட்டிகளிடம் சொல்லுங்கள். சாலையின் ஒரு பக்கம் உயர் நீதிமன்ற வளாகத்தின் செந்நிறக் கோபுரங்கள். மறுபக்கம் ஜெராக்ஸ் கடைகள், முத்திரைத்தாள் விற்பவர்கள், கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கும் இளம் வழக்கறிஞர்கள். இந்த நெரிசலுக்கு நடுவே ஆண்டர்சன் தேவாலயம் இருக்கிறது. கிறித்தவக் கல்லூரியின் வித்தாக அமைந்த பள்ளியை 1837இல் தொடங்கிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கி நிற்கும் கோயில் அது. கல்லூரி போய்விட்டது, கோயில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து திருப்பதி, வேலூர் வழியாக இங்கே படிக்க வந்த ஓர் ஏழை வீட்டுப் பையன், தன் சமயத்தைப் பற்றிக் கிறித்தவ ஆசிரியர்கள் வைத்த கடும் விமர்சனங்களைக் கேட்டு மனம் புண்பட்டு, அதற்கு விடை தேடும் வேகத்தில்தான் வேதாந்தத்தின் அறநெறியை ஆராயப் புகுந்தான். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த ஆய்வுரையைப் பாராட்டியவர் அதே கல்லூரியின் கிறித்தவப் பேராசிரியரான ஏ.ஜி. ஹாக் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பாதியை மட்டும் சொன்னால் கதை கோணலாகிவிடும்.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பார்த்தால் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் தெரியும். பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் 1910இல் பிறந்த வெங்கட்ராமன் சட்டம் படித்தது இந்தக் கல்லூரியில்; 1935இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டது பக்கத்தில் உள்ள உயர் நீதிமன்றத்தில். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று திரும்பிய பின், தொழிலாளர் வழக்குகளில் பெயர் பெற்று, 1949இல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 2018இல் சட்டக் கல்லூரியின் வகுப்புகள் நகருக்கு வெளியே மாற்றப்பட்டுவிட்டன. ஒரு குடியரசுத் தலைவர் படித்த கல்லூரி 1937இல் வெளியேறியது, இன்னொருவர் படித்த கல்லூரி 2018இல் வெளியேறியது, இரண்டும் ஒரே சாலையின் இரு பக்கங்கள். இதற்கு மேல் ஒரு வழிகாட்டிக்கு என்ன வேண்டும்?

அடுத்த நிலையம் கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கிளைவையும் துப்பாக்கிகளையும் நாணயங்களையும் காட்டுகிற அளவுக்கு, அங்கே அமைச்சர்களாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் இருந்து பிறகு நாட்டின் முதல் குடிமகன்களானவர்களைக் காட்டுகிறோமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் நலத்தையும் தொழிலையும் கவனித்தவர் வி.வி. கிரி. பெர்காம்பூரில் பிறந்து, அயர்லாந்தில் டப்ளினில் சட்டம் படித்து, ரயில்வேத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய அவர், அந்தத் தேர்தலில் பொப்பிலியில், நீதிக்கட்சித் தலைவரான பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து வந்தவர். 1946இல் டி. பிரகாசம் மாகாண முதல்வராக இருந்த அமைச்சரவையிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அதே 1946இல் அனந்தபூர் மாவட்டத்திலிருந்து முதன்முறையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்த இளைஞர் சஞ்சீவ ரெட்டி. 1949 முதல் 1951 வரை மதுவிலக்கு, வீட்டுவசதி, வனம் ஆகியவற்றுக்கு அமைச்சராகவும் இருந்தார்.

ஒரே அவையில் உட்கார்ந்திருந்த இந்த இருவரும் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1969 ஆகஸ்டில், குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் ரெட்டி. சுயேச்சை வேட்பாளர் கிரி. பிரதமர் இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணித்தான் கிரி வென்றார். ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தோற்ற ரெட்டி எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து 1977இல் போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார். விருப்ப வாக்கு முறையைப் பிளஸ் டூ வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். கோட்டையின் மதில் நிழலில் உட்காரவைத்து, “இங்கே ஒன்றாக இருந்த இரண்டு பேர்” என்று தொடங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கோட்டையில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசே நடத்தும் சுற்றுலாவில் அதைச் சொல்லத் தயக்கம் வரும் என்பதால்தான் தனியாக எழுதுகிறேன். வெங்கட்ராமன் 1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள், காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் அமைச்சரவைகளில் தொழில்துறை அமைச்சராக இருந்தது இந்தக் கோட்டையில். அதே வெங்கட்ராமன் 1991 ஜனவரி 30ஆம் நாள், இதே கோட்டையிலிருந்து ஆட்சி செய்துகொண்டிருந்த தி.மு.க. அரசைக் கலைக்கும் ஆணையில் குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்டார். அப்படிக் கலைப்பதற்கான அறிக்கையைத் தர அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்திருந்தார். இதைச் சரியென்றோ தவறென்றோ வழிகாட்டி தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. நாளையும் நடந்ததையும் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். பார்க்க வந்தவர்கள் ரயிலில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஆனால் மறைத்துவிட்டு, “தொழில் வளர்ச்சியின் தந்தை” என்று மட்டும் சொல்லி மாலை போட்டுவிட்டு வந்தால், அது சுற்றுலாவாக இருக்காது, பிறந்தநாள் விழாவாக இருக்கும். பிறந்தநாள் விழாக்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

அடுத்து வரும் நிலையங்களை விரைவாகக் கடக்கலாம். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா கல்லூரி. வெங்கட்ராமன் பொருளியலில் முதுகலை படித்தது அங்கே. வெளியிலிருந்து பார்த்தால் போதும். சைதாப்பேட்டையில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தன் பிறந்தநாளை நாடே 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் ராதாகிருஷ்ணன், ஆசிரியர் பயிற்சி பெறுவதற்காக 1910இல் அனுப்பப்பட்டது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு. அப்போது அவர் ஏற்கெனவே மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் பாடம் நடத்தும் முறையைக் கற்க மறுபடி மாணவராக உட்கார்ந்த இடம் அது. அந்தக் கல்லூரியில் பயிற்சி முடித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள் என்று சற்று அழுத்திக் கேட்டால் அதில் தன்னலமும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கிண்டியில் 1958இல் உருவான தொழிற்பேட்டை இருக்கிறது. வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்து வேலைகளில் கண்ணால் பார்க்கக்கூடியது இது. சிலையும் இல்லை, மண்டபமும் இல்லை. வரிசை வரிசையாகச் சிறு பட்டறைகள், லேத் ஓடும் சத்தம், வெட்டெண்ணெய் வாசனை. இன்றைக்குப் பல பட்டறைகள் இருந்த இடங்களில் கண்ணாடி மாடங்கள் எழுந்துவிட்டன. ஓர் அமைச்சர் எடுத்த முடிவு அறுபது ஆண்டுகளில் எப்படி உருமாறுகிறது என்பதைக் கிண்டி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி நாலு தெரு நடந்தாலே பார்க்கலாம்.

குரோம்பேட்டை என் ஊர். அதனால் ஒரு வாக்கியம் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சி. ராஜம் 1949இல் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, ஊர்க்காரர்கள் வாயில் எம்.ஐ.டி., நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு இங்கே சேர வந்த அப்துல் கலாமுக்குக் கட்டணம் கட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்காள் ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டினார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை இழுத்ததாகவும், மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்ததாகவும் கலாம் எழுதியிருக்கிறார். இறுதி ஆண்டில் ஒரு போர் விமானத்தை வடிவமைக்கும் பணி அவர் குழுவுக்குத் தரப்பட்டது. வேலை மந்தமாக நடப்பதைக் கண்ட கல்லூரி இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் வரைபடம் முடியாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும். கலாம் இரவுச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு வரைபலகையே கதியாகக் கிடந்து முடித்தார்.

எம்.ஐ.டி. வாசலில் ஒரு வழிகாட்டி சொல்ல வேண்டியது இந்த வளையலையும் வரைபலகையையும்தான். ஏவுகணை மனிதர் என்ற பட்டத்தை எல்லோரும் அறிவார்கள். ஏவுகணைப் பேச்சு வந்தால், ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்துக்கு 1983இல் ஒப்புதல் கிடைத்தபோது நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் நம் சட்டக் கல்லூரி வெங்கட்ராமன்தான் என்பதையும் சொல்லலாம். காலையில் பாரிமுனையில் சந்தித்த ஒருவரும், மதியம் குரோம்பேட்டையில் சந்திக்கும் ஒருவரும் தில்லியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவதைப் பார்வையாளர்கள் தாங்களே இணைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

பிறகு தாம்பரம். கிறித்தவக் கல்லூரி வளாகத்தை நான் தவிர்க்கச் சொல்லவில்லை. அழைத்துப் போங்கள். ஆனால் அங்கே போய், “ராதாகிருஷ்ணன் படித்த கல்லூரி இது, படித்த இடம் காலையில் பார்த்தது” என்று சொல்லுங்கள்.

இந்தத் தடத்தில் சேராத இடங்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சேப்பாக்கத்தில் இறங்கினால், ராதாகிருஷ்ணன் 1909இல் ஆசிரியராகச் சேர்ந்த மாநிலக் கல்லூரி. அருகில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம்; 1937இல் சென்னைச் சட்டப்பேரவை முதலில் கூடியது கோட்டையில் இல்லை, இந்த மண்டபத்தில்தான். அமைச்சர் கிரி அவைக்கு வந்தது இங்கே. சாலைக்கு எதிரே கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை நிற்கிறது. தொழிற்சங்கத்திலிருந்து வந்த ஒருவரும், தொழிலாளர் வழக்குகளிலிருந்து வந்த ஒருவரும் ராஷ்டிரபதி பவன் வரை போன ஊரில், அந்தச் சிலையின் நான்கு உழைப்பாளர்களும் பாறையை நெம்புவதை வேறு கண்ணோடு பார்க்க முடியும்.

கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்து டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையை நடந்தே அடையலாம். பழைய எட்வர்ட் எலியட்ஸ் சாலை. 1967 மே மாதம் பதவிக்காலம் முடிந்ததும் தில்லியிலிருந்து அவர் திரும்பி வந்த ‘கிரிஜா’ என்ற வீடு இந்தச் சாலையில்தான். 1975 ஏப்ரல் 17ஆம் நாள் மறையும் வரை அதுவே அவர் வீடு. இன்று ஆட்டோவில் ஏறி “ராதாகிருஷ்ணன் சாலை” என்று சொன்னால் ஓட்டுநர் ஒரு நொடி யோசித்து, “ஆர்.கே. சாலையா சார்?” என்று கேட்கிறார். ஆளின் பெயரை வைத்து மரியாதை செய்தோம். இரண்டு எழுத்தாகச் சுருக்கி அந்த ஆளை மறந்தும் விட்டோம். இங்கே ஒரு வேண்டுகோள். அது தனியார் வீடு. எதிர்ப்புற நடைபாதையில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கதவைத் தட்டுவது, சுவரோடு நின்று படம் எடுப்பது போன்றவற்றுக்கு இடம் தரக் கூடாது.

கோட்டூர்புரம் நிலையத்திலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறிய பயணம். 2001இன் இறுதியில் தில்லிப் பொறுப்புகளை விட்டுவிட்டுக் கலாம் பேராசிரியராக வந்து சேர்ந்தது இங்கே. 2002 ஜூனில் பிரதமர் வாஜ்பாயின் தொலைபேசி அழைப்பு வந்தபோது அவர் இந்த வளாகத்தில் இருந்தார். அவர் மாணவராக இருந்த எம்.ஐ.டி. 1978இல் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டதால், படித்த இடமும் குடியரசுத் தலைவராகும் முன் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இடமும் ஒரே நிறுவனமாகிவிட்டன. அடையாற்றில், சஞ்சீவ ரெட்டி பள்ளிப் படிப்புக்காக வந்து சேர்ந்த பிரம்மஞான சபையின் பள்ளியையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்போது சென்னையில் எதற்கு இது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். 340 அறைகள் கொண்ட அந்த மாளிகையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பதவி தெரிகிறது. அந்தப் பதவிக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் இருந்ததும், கேலி உறைத்ததும், தேர்தலில் தோல்வி கிடைத்ததும் வேறு இடங்களில். அவற்றில் பல நம் ஊரில் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் கலாமுக்கு 2017இல் நினைவகம் திறக்கப்பட்டது. அங்கே கூட்டம் தானாகவே போகிறது. பாரிமுனை ஜெராக்ஸ் கடை வாசலுக்கு யாரும் தானாகப் போகமாட்டார்கள். அதற்குத்தான் வழிகாட்டி வேண்டும்.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் நடைமேடையில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இதை முப்பதாண்டு அனுபவத்தில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை தோது. நெரிசல் குறைவு, நீதிமன்றத்துக்கு விடுமுறை. ஆனால் அன்று மின்சார ரயில்கள் குறைவாக ஓடும் என்பதால் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தங்களைத் திட்டமிட வேண்டும். ரயில்வேயோடும் தலைமைச் செயலகப் பாதுகாப்புப் பிரிவோடும் கல்லூரி முதல்வர்களோடும் முன்கூட்டியே பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டிய வேலை உங்களுடையது. அதைத் தனியார் எவராலும் செய்ய முடியாது. பயணச்சீட்டுச் செலவு தலைக்குச் சில பத்து ரூபாய்களைத் தாண்டாது. அரசுப் பள்ளி மாணவர்களிடம் அதையும் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வழிகாட்டியின் கையில் இருக்கும் தாள். மாநிலக் கல்லூரியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் லயோலாவிலும் வரலாறு படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தம் கல்லூரியின் பழைய பதிவேடுகளைப் பார்த்து அந்தத் தாளை எழுதவும், பகுதி நேரமாக வழிகாட்டவும் அவர்களையே அமர்த்துங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எது உறுதி, எது செவிவழிச் செய்தி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். செவிவழிச் செய்தியையும் சொல்லட்டும், அதை அப்படித்தான் என்று தெரிவித்துவிட்டுச் சொல்லட்டும். தமிழில் நடத்துவதை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைத்தால், உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பார்க்க வருவார்கள்.

வரும் செப்டம்பர் 5ஆம் நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம். இருபது மாணவர்களை நான் ஏற்பாடு செய்கிறேன். அவர்களோடு இன்னொருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்: அன்று தாம்பரத்தில் ஆலிலையை எடுத்துப் புத்தகத்தில் வைத்த அந்த மாணவி. இப்போது அவரும் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். நாங்கள் காலை ஆறரை மணிக்குக் கடற்கரை நிலையத்தின் ராஜாஜி சாலை வாசலில் இருப்போம். நீங்கள் ஒரு வழிகாட்டியை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
குரோம்பேட்டை, சென்னை